குழாயில் ஓடிய ஆவுடையம்மாள்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, விலா எலும்பு வலிக்கிற சிரிப்பு. ஆனால் அதை இப்போது தரமாட்டேன், கெஞ்சினாலும் தரமாட்டேன், ஏனென்றால் அந்தச் சிரிப்பு ருசிக்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் கொஞ்சம் வயிறெரிய வேண்டும். நான் ஒரு முழுக் கோடைகாலம் எரிந்தேன். நீங்கள் இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது எரிந்தால் என்ன.

எங்கள் செக்கடித் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் வரும், சில வாரம் அதுவும் வராது. வருகிற தண்ணீருக்கும் தரைக்கு மேலே ஏறத் தெம்பு இருக்காது என்பதால், வீட்டுக்கு வீடு வாசல்கேட்டுக்கு உள்ளே ஆள் இறங்கி உட்காருகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, சிமெண்ட் பூசி, அடியில் குழாயை வைத்து, மேலே தகரத்தைப் போட்டு மூடியிருக்கிறோம். தண்ணீருக்கு முன்னால் குழாய் காற்றை ஊதும். அந்த உஸ் சத்தத்துக்காகத் தெரு முழுக்கக் காதைத் தீட்டி வைத்திருக்கும். சோறு பொங்கினாலும், பிள்ளை அழுதாலும், சாமி ஊர்வலம் போனாலும் ஒரு காது குழியில்தான் கிடக்கும்.

அப்படி எல்லாக் காதும் குழியில் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், காற்றுக்குப் பதிலாக ஆவுடையம்மாளின் நெஞ்சு வந்தது.

துடுக். துடுக்துடுக். பிறகு ஒன்றுமில்லை, ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றுகிற நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு துடுக்துடுக்துடுக், கடன்காரனைப் பார்த்தவன் ஓடுகிற மாதிரி.

வால்வு திறக்கிற சண்முகவேல் அண்ணன் வந்து, வீடு வீடாகக் குழிக்குள் இறங்கி, குழாயில் காதை வைத்துக் கேட்டு, வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, இது பம்பு சத்தம் இல்லை, ஆள் சத்தம் என்று அறிவித்தார். சத்தம் கூடிக்கொண்டே போன திசையில் போனால் ஆவுடையம்மாள், எனக்கு ஆவுடையத்தை, தன் வீட்டு வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், சத்தம் வேகமானது. உட்கார்ந்தாள், தணிந்தது. எழுந்து இரண்டு எட்டு நடக்கச் சொன்னார்கள், நடந்தாள், தெரு முழுக்க எல்லாக் குழாயும் அவளோடு நடந்தன. சரி, இவளுடையதுதான் என்று எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் நல்லபெருமாள் சார் மட்டும் நின்று, தொண்டையை இரண்டு தரம் செருமி, நடுவில் ஒரு தரம் செருமி, இதற்குத் தனியாகத் தண்ணீர்வரி போடுவார்களா என்று சண்முகவேல் அண்ணனிடம் விசாரித்தார். (செருமலைச் சரியாக எழுத வரவில்லை. நேரில் வாருங்கள், செய்து காட்டுகிறேன். நான் செருமியதைக் கேட்டு, அவர்தான் என்று நினைத்து, அவர் மனைவியே ஒரு தரம் அடுப்படியிலிருந்து எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.)

ஆவுடையத்தைக்கு அறுபது தாண்டி இரண்டு மூன்று வயது. ஓட்டத்துக்காகவே மின்சார வாரியத்தில் வேலை கிடைத்தவள். ஜெயித்த கோப்பைகளில் கடுகும் வெந்தயமும் போட்டு வைத்திருப்பாள், பெரிய கோப்பையில் புளி. புருஷன் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. ஒரே மகன் இசக்கிராஜ் மஸ்கட்டில். விடிந்தும் விடியாமலும் தெருவைத் தாண்டி, கரிசல்காட்டு வண்டிப்பாதையில் நாலுவழிச்சாலைப் பாலம் வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி வந்தால்தான் அவளுக்கு அன்றைக்கு விடிந்த கணக்கு. அந்த மாசியில் ஒருநாள் பாலத்துக்கு அடியில் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு ஒன்று சிக்கிக்கொண்டு இறக்கையை அடித்தது என்றாள். மதுரை டாக்டர் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பெட்டியைக் கட்டி அனுப்பிப் பார்த்துவிட்டு, இதயத்தின் மேல்அறை துடிப்பதற்குப் பதில் நடுங்குகிறது, வருஷக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கு வயதான பிறகு சில பேருக்கு இப்படி வருவதுண்டு என்றாராம். துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை.

அடக்குகிற மாத்திரை காலையும் சேர்த்து அடக்கியது. மழைக்குப் பிறகு கரிசலில் நடந்தால் எட்டுக்கு எட்டு மண் ஒட்டி, கால் யானைக்கால் ஆகுமே, வெயில் காய்கிற சாலையிலும் தன் கால் அப்படிக் கனக்கிறது என்றாள். மற்ற மாத்திரையால் மேசை முனை இடித்தாலே தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும்; விழுந்துவிடக் கூடாது. இதையெல்லாம் அவள் ஏற்றுக்கொண்டாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள், நெஞ்சு கிறுக்குப் பிடித்து ஆடுகிற நாளில் கிளம்பவே மாட்டாள், சோறு வடிப்பாள், கோப்பைகளைத் துடைப்பாள், எல்லோரையும் திட்டுவாள். டாக்டர் சொன்னதை எங்கள் தெருவுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

"ஓடாதீங்கன்னு அவர் சொல்லலவே. பக்கத்துல வாரவங்ககிட்டப் பேசிக்கிட்டே ஓடுங்க, பேச்சு திணறுனா நடங்க, தலை சுத்துனா உக்காருங்கன்னுதான் சொன்னாரு."

தெரு இதில் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. உட்காருங்க.

சிரிப்பா? பொறுங்கள். இன்னும் நீங்கள் சரியாக எரியவில்லை.

தெரு அந்தச் சத்தத்தை எப்படிப் பழகிக்கொண்டது தெரியுமா. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அக்காமார்கள் தொட்டில் பிள்ளையைக் குழிப்பக்கம் கிடத்திவிட்டுப் போனார்கள், பிள்ளைகள் விழிக்காமல் தூங்கின. தையல்காரர் சத்தத்தோடு மிதித்து மிதித்து மூன்று சட்டைகளுக்குக் கையைக் கோணலாக வைத்துவிட்டு, சட்டைக்காரர்களிடம் ஆவுடையம்மாளைக் கை காட்டினார். தண்ணீர் நாளில் தண்ணீரும் அவள் துடிப்புக்கே வந்தது. ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, நின்று, பிறகு மூன்று வீச்சு சேர்ந்தாற்போல், குடம் வைத்தவர்களின் முகத்தில். யாரும் அதிசயப்படவில்லை. அழுத்தம் முன்னைவிடப் பரவாயில்லை என்றார்கள். அவள் வீட்டுக் கேட்டை ஒட்டி, தண்ணீர் ஏறாமல் சும்மா நிற்கிற பழைய தெருக்குழாய்க்கு யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள், செவ்வாய்க்கிழமை பொங்கலே வைத்தார்கள். குழாயைக் கும்பிட்டுவிட்டு அதே கையோடு கேட்டைத் தட்டி, இந்த வயதில் ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று அவளை வைதுவிட்டுப் போனார்கள். நெஞ்சுக்குப் பொங்கல், நெஞ்சுக்காரிக்கு வசவு. அந்தப் பொங்கலை நான் தின்னவில்லை. சரி, தின்றேன், ஆனால் கோபத்தோடு தின்றேன்.

அப்புறம் காவல் ஆரம்பித்தது. அவள் மாடிப்படி ஏறினால் எதிர்வீட்டிலிருந்து குரல் வரும், இறங்குங்கம்மா என்று. பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கினால் நாலு பேர் ஓடிவருவார்கள். டிவியில் ஓட்டப்பந்தயம் பார்க்கும்போது கடைசிச் சுற்றில் நெஞ்சு எகிறியது, இரண்டு வீட்டிலிருந்து மோரும் ஒரு வீட்டிலிருந்து விபூதியும் வந்தன, முடிவைப் பார்க்க விடவில்லை. அவள் கத்தினாள். கத்தினால் நெஞ்சு இன்னும் துடிக்கும், துடித்தால் இன்னும் ஆள் வரும், ஆள் வந்தால் இன்னும் கத்துவாள். ஒருநாள் வாசலில் நின்று நல்லபெருமாள் சாரின் சட்டைப் பொத்தானைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"இது வியாதி இல்லவே. கோவம்."

அவர் குனிந்து தெருக்குழாயில் காதை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து, அவளிடம் இல்லை, கூட நின்றவர்களிடம் சொன்னார்: "படபடப்பு ஜாஸ்தியா இருக்கு. எளநி வாங்கிட்டு வாங்க."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் தெருவில் ஒருத்தர்கூட அப்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பேசுவது அவளிடம், பார்ப்பது குழாயை. சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் குழிக்குள் காதை நீட்டுவார்கள். சில வீடுகளில் சத்தம் தெளிவாகக் கேட்கவில்லை என்று தண்ணீர் உறிஞ்சுகிற மோட்டாரைக் குழாயில் மாட்டிப் போட்டார்கள். போட்ட கணத்தில் இங்கே ஆவுடையத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சண்முகவேல் அண்ணன் மோட்டார் போட்டால் இணைப்பைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனார். மற்றவர்கள் கழற்றினார்கள். நல்லபெருமாள் சார், அக்கறையினால், ராத்திரிச் செய்திக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் போட்டுக் கேட்டார்.

ஒருமுறை அவள் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போனாள். தெருமுனையில் கடைசிக் குழாயைத் தாண்டியதும் சத்தம் நின்றது; விடியலில் ஓடப் போகிற நாளில் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும், அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் திரும்பவில்லை. எங்கள் தெருவில் பூட்டிய வீட்டைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அற்றுப்போயிருந்தது. குழாய் நின்றால் ஆள் நின்றாற்போலத்தான். சாயங்காலம் அவள் மஞ்சள்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, பந்தல்காரர் அவள் வாசலில் எத்தனை நாற்காலி போடலாம் என்று நல்லபெருமாள் சாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா அழுது முடித்து இரண்டாவது தடவை அழ ஆரம்பித்திருந்தாள். ஆவுடையத்தை நடுவில் வந்து நின்று யாருக்கு என்று கேட்டாள். உங்களுக்குத்தான் என்றார் பந்தல்காரர்.

இசக்கிராஜுக்கு அதற்குள் போன் போயிருந்தது. அவன் மூக்கால் பேசுவான், ஒவ்வொரு வாக்கியத்தையும் "லுக்கம்மா" என்று ஆரம்பிப்பான். இனி ஒரு தடவை குழாயில் ஓட்டச் சத்தம் கேட்டதென்று சார் சொன்னாலும் சரி, சத்தமே கேட்கவில்லையென்று சொன்னாலும் சரி, விமானம் ஏறி வந்து, வீட்டை விற்றுவிட்டு, சென்னையில் அவன் மாமனார் இருக்கிற அடுக்குமாடியில் ஒன்பதாவது தளத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவேன் என்றான். அங்கே லிப்ட் இருக்கிறது, காலுக்கே வேலை இல்லை என்றான். சொன்னதைச் செய்கிறவன் அவன். தெருவும் தன் பங்குக்கு ஒன்று செய்தது: அவளுடைய ஓட்டக் காலணிகள் இரண்டு ஜோடியையும் நல்லபெருமாள் சார் வாங்கிப் போய்ச் சங்கக் கட்டடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகளிடமிருந்து பட்டாசைப் பிடுங்குகிற மாதிரி.

அப்போதுதான் மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டி வந்தது. ஐந்து கிலோமீட்டர். ஊர்க்கோடி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, சனியன் பிடித்த மாதிரி அந்த வாரம் எங்கள் தண்ணீர் நாளும் அதுவே. எல்லோரும் வாசலிலேயே இருப்பார்கள், எல்லாக் காதும் குழியிலேயே இருக்கும். ஆவுடையத்தை ஜெயிக்கப் போவதாகச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே ஓடுவேன், திணறினால் நடப்பேன், ஆனால் இந்த வருஷம் வராமல் போனால் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது, எல்லாரும் சேர்ந்து என்னை உட்கார வைத்துவிடுவார்கள் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி பூரணி. நீ எல்லாரு மாதிரியும் பேசுவியே. என்னய மாதிரி துடிப்பியா?"

துடிப்பதா. நான் யாருடைய குரலையும் எடுத்துவிடுவேன், ஏனென்றால் எல்லாக் குரலுக்கும் ஒரு பழக்கம் உண்டு. அதைப் பிடித்தால் ஆள் கைக்குள் வந்துவிடுவார். இந்த நெஞ்சுக்குப் பழக்கமே இல்லை. இரண்டு அடிக்குப் பிறகு மூன்று என்று நினைத்தால் ஒன்று வரும், நிற்கும் என்று நினைத்தால் ஓடும். எங்கள் வீட்டுக் குழிக்குள் உட்கார்ந்து நாக்கை அண்ணத்தில் தட்டித் தட்டிப் பார்த்தேன், எல்லாமே ரயில் மாதிரி ஒழுங்காக வந்தது. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அவளுக்கு இந்தத் தெரு சொன்ன புத்திமதிகளை எடுத்துக்கொண்டேன். இறங்குங்கம்மா, இந்த வயசுல எதுக்கு, லுக்கம்மா, மோர் குடிங்க, நான் சொல்றதச் சொல்லிட்டேன், உக்காருங்க. வார்த்தையை விட்டுவிட்டு அந்தத் தாளத்தை மட்டும், ஒருவருடையதை இன்னொருவர் பேச்சுக்குள் செருகி, செருமல் வருகிற இடத்தில் நிறுத்தி அடித்தேன். அச்சு அசல் அவள் நெஞ்சு. நோய் பிடித்த நெஞ்சும் எங்கள் தெருவின் பேச்சும் ஒரே லட்சணத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையத்தை என் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் காலணியைப் போட்டுக்கொண்டாள், முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு அடைத்து. சண்முகவேல் அண்ணன் வால்வைத் திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் சந்து வழியாக மெதுவாக நடந்தாள், நெஞ்சு தூங்குகிறவளுடைய நெஞ்சு போல வரவேண்டுமே. நான் அவள் வீட்டுக் குழிக்குள் இறங்கி, தகரத்தை ஒரு கை அகலம் திறந்து வைத்துக்கொண்டு, குழாயை வாயில் கவ்விக்கொண்டேன். அவள் தெருமுனைக் கடைசிக் குழாயைத் தாண்டினாள். துடிப்பு அறுந்த இடத்தில் நான் முடிச்சுப் போட்டேன்.

துடுக். துடுக்துடுக். செருமல். துடுக்.

தெரு முழுக்க நம்பியது. என்ன அழகாகத் தூங்குகிறாள் என்று எதிர்வீட்டு அக்கா சொல்வது காதில் விழுந்தது. நல்லபெருமாள் சார் தெருக்குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனைக் குழாயின் வாயருகே பிடித்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் கேட்டுக் கம்பிகள் மட்டும்தான்; தகர இடுக்கில் அவர் முழங்காலும் போனும் தெரிந்தன. கேட்டீங்களா தம்பி, எல்லாம் நம்ம கட்டுப்பாட்டுல இருக்கு என்றார். ஓட்டமெல்லாம் இப்போது நினைப்பதே இல்லை என்றார். அம்மாவே நன்றி சொல்கிறார்கள் என்றார். நான் குழாயைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.

நேரம் போனது. அவள் வரவில்லை. நாக்கு மரத்தது, உதடு துருவில் அறுத்து உப்புக்கரித்தது. வெயில் தகரத்தைச் சுட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நிறுத்தினால் தெரு செத்துவிட்டாள் என்று பந்தல்காரரைக் கூப்பிடும். நிறுத்தாமல் அடித்தால், அவள் மைதானத்தில் உண்மையாகவே விழுந்து கிடந்தாலும் ஒருத்தரும் தேடிப் போகமாட்டார்கள். அவளை நான் தூங்க வைத்திருந்தேன். தூங்குகிறவளை யார் தேடுவார்கள். பயம் என் நெஞ்சைப் பிடித்தது; அதை நாக்குக்கு வரவிடாமல், மோர் குடிங்க, மோர் குடிங்க என்று மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு குழாய்க்குள், என் அடிக்கு அடியில், இன்னொரு அடி கேட்டது. தூரத்தில். வேகமாக. துடுக்துடுக், துடுக், துடுக்துடுக்துடுக்.

நல்லபெருமாள் சாரும் கேட்டார். போனிடம் சொன்னார், "இப்ப ரெட்டையாக் கேக்குது தம்பி. உங்க லைன்ல எக்கோ அடிக்குது."

தகர இடுக்கில் வெள்ளைக் கேன்வாஸ் காலணிகள் வந்தன, முழங்கால் வரைக்கும் கரிசல் புழுதி அப்பியிருந்தது. சின்னச் சின்ன எட்டாக, ஆனால் ஓட்டம்தான், சந்தேகமே இல்லாத ஓட்டம், பின்வாசல் சந்து வழியாக இல்லை, நடுத்தெருவில். அவர் தலையை நிமிர்த்தவில்லை. காது குழாயில் இருந்தது.

"பாப்பா, தடதடன்னு ஓடாத. உள்ள ஆவுடையம்மா தூங்குறாங்க."

காலணிகள் நின்றன. மூச்சு வாங்கியது, ஆனால் பேச்சு திணறவில்லை.

"தூங்கட்டும் சார். பாவம்."

"நல்ல பிள்ள," என்றார் அவர். "இந்த வயசுல ஓடுனேன்னு திரிஞ்சாங்க. ஒரு வழியா அடக்கி வச்சிருக்கோம்."

குழாய்க்குள் அந்த இன்னொரு துடிப்பு இப்போது என் பல்லை ஆட்டியது. அதோடு சேர்ந்து உஸ் என்று காற்று வந்தது, காற்றுக்குப் பின்னால் ஒரு வாரத்துத் தண்ணீர் வந்து என் தொண்டையில் இறங்கியது. நான் புரையேறி, இருமி, தகரத்தைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு எழுந்தேன். மெதுவான துடிப்பு செத்தது. வேகமான துடிப்பு நிற்கவில்லை. தெருக்குழாய் மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டு அந்தத் தாளத்துக்கே வீசியது, ஒரு வீச்சு போனில், இரண்டு வீச்சு சட்டையில், நின்று, பிறகு மூன்று வீச்சு சேர்ந்தாற்போல் அவர் வேட்டியில்.

நல்லபெருமாள் சார் குழிக்குள் ஈரத்தலையோடு இருமுகிற என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற வெள்ளைக் காலணியைப் பார்த்து, அங்கிருந்து புழுதி படிந்த முழங்காலுக்கு ஏறி, மார்பில் ஊக்கு குத்தியிருந்த போட்டி எண் துணிக்கு ஏறினார். அந்தத் துணி தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீர் எப்படி வீசியதோ அப்படி. அதற்கும் மேலே ஏற அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. அந்தக் கோடை முழுக்க அவர் பார்க்காத முகம் அங்கே இருந்தது, வியர்வை வழிய, உப்புப் பூத்து, அவரையே பார்த்துக்கொண்டு.

போனுக்குள்ளிருந்து தண்ணீரில் மூழ்கிய மூக்குக்குரல் கேட்டது, "சார், என்ன ஆச்சு, அம்மா எங்க?"

அவர் செருமப் பார்த்தார், செருமல் வரவில்லை. உள்ளங்கையை நீட்டிக் குழாயின் மேல் வைத்து, அவள் மார்பையே பார்த்தபடி, ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு, ஒத்துப் பார்த்தார்.

"இசக்கி," என்றார். "உங்கம்மா தூங்கல."